ஐந்து கட்டையிலிருந்து இரண்டரைக்கு

வங்கியிலிருந்தோ கேஸ் ஏஜென்சியிலிருந்தோ போன் வந்து, நான் எடுத்து "ஹலோ" என்றதும், "சொல்லுங்க சார்" என்கிறார்கள். என் வீட்டுக்காரர் எடுத்தால், "வீட்ல சார் இருக்காங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் எண்பதை நெருங்குகிறார். 1970-களின் கடைசியில் எங்கள் இரண்டு பேர் குரலையும் கேட்டவர்கள் கும்பகோணத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் அவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

அவர் அப்போது சோழன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். தஞ்சாவூர் வண்டி. பஸ் ஸ்டாண்டில் படிக்கட்டுப் பக்கம் நின்று, "தாராசுரம், சுந்தரபெருமாள்கோயில், பாபநாசம், அய்யம்பேட்டை, தஞ்சாவூர்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். கத்தமாட்டார். அடிக்குரலில், நிதானமாக, ஒவ்வொரு ஊரின் பெயரையும் முழுசாகச் சொல்வார். டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பின்படியிலிருந்து விசில் கொடுப்பதைவிட அவர் "ரைட், போலாம்" என்று சொல்வதுதான் டிரைவருக்கு வசதி. ஸ்டாண்டுக்குள் விசில் எந்த வண்டியிலிருந்து வருகிறது என்று குழப்பம் வரும். இந்தக் குரலில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பாட்டு டீச்சர். காலைப் பிரார்த்தனைக்கு மைக் கிடையாது. மைதானத்தில் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் சுருதி போய்ச் சேரவேண்டும். ஐந்து கட்டையில் ஆரம்பிப்பேன். பிள்ளைகளின் குரலுக்கும் அதுதான் தோது. ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு, நடுவே வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள் என்று எண்ணிக்கொண்டு போவது நம் வழக்கம். ஒரு கட்டையின் ஷட்ஜம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வு, ஐந்து கட்டையினுடையது சுமார் 196. வீட்டுக்காரருக்கு ஒரு கட்டைதான் பேசும். அதனால் கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தேவாரம் பாடக்கூட முடியவில்லை. என் சுருதியில் அவருக்கு மேலே எட்டாது. அவர் சுருதியில் எனக்குக் கீழே வெறும் காற்றுதான் வரும். ஆளுக்கொரு வேளையில் பாடினோம்.

என் குரல் முதலில் மாறியது. ஐம்பதை ஒட்டி, மாதவிலக்கு நின்ற சமயம். மேல் பஞ்சமத்தைத் தொட்டால் குரல் பிசிறியது. சளி என்றார்கள். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் ஆயிற்று. சளி இருந்தால்தானே போவதற்கு? சுருதிப் பெட்டியை நாலரைக்கு இறக்கினேன். பிறகு நாலு. ஓய்வு பெறும்போது மூன்று. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டையில் வைத்துவிட்டு, அவர்கள் பாட நான் தாளம் மட்டும் போட்ட நாட்கள் உண்டு. முப்பது வருஷம் சாக்பீஸ் தூசுக்கு நடுவே, அறுபது பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்த அறைகளில், தொண்டையை வைத்துப் பிழைத்தவளுக்கு அது பெரிய துக்கம். அதை வீட்டில்கூட அவ்வளவாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவருடையது பின்னால் வந்தது. ரிடையர் ஆகிப் பல வருஷம் வரை அதே குரல்தான். அறுபத்தைந்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. மெலிந்ததோடு மேலேயும் ஏறியது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். சாயங்காலம் ஆனால் காற்று கலந்து வரும். ஒரு நாள் பாபநாசத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். இறங்கும் இடம் வந்ததும் எழுந்து நின்று, "பாபநாசம் ஒண்ணு இருக்கு" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். முன்னால் போன கண்டக்டர் திரும்பவில்லை, வண்டி ஊரைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு நான் சத்தம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். வருஷக்கணக்கில் அதே சாலையில் அந்த ஊரின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஜனங்களை இறக்கிவிட்ட மனுஷர், சாலையோரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசாமல் திரும்பி நடந்தார். டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்று அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்.

தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டதெல்லாம் வேறு விஷயங்கள். பீடி சிகரெட் உண்டா, முழுங்கும்போது புரை ஏறுகிறதா, எடை குறைந்திருக்கிறதா, கை நடுக்கம் இருக்கிறதா, நடை மெதுவாகிவிட்டதா. ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். "குரல் கம்மினா வயசுன்னு சொல்லி அனுப்பறது ரொம்ப சுலபம்மா. வயசுங்கறது கடைசியில சொல்லவேண்டிய காரணம்" என்றார். குரல்வளையில் வரும் புற்றுநோய்க்குப் பல நேரம் முதல் அடையாளமே கரகரப்புதான். பார்க்கின்சன் நோயிலும் குரல் அடங்கிப்போகும், அந்த ஆளுக்கு மட்டும் தான் வழக்கம்போலப் பேசுவதாகவே தோன்றும். குரல்நாண்களை அசைக்கும் நரம்பில் இடது பக்கத்தினுடையது நேராகத் தொண்டைக்கு வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால் நெஞ்சில் ஏதாவது கட்டி வந்தாலும் குரலில் தெரியும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்றார். இதைப் படிக்கிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே வயசுக் குரல் என்று விட்டுவிட்டுத் தாமதமாகப் போனவர்கள் உண்டு.

அப்புறம் உள்ளே பார்த்தார். நாக்கை ஒரு வலைத்துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, மெல்லிய கம்பி ஒன்றை வாய்க்குள் விட்டு, "ஈன்னு சொல்லுங்கய்யா, விடாம" என்றார். கம்பியின் நுனியில் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. குரலின் அதிர்வோடு கொஞ்சம் பிசகி எரிவதால், நொடிக்கு நூறு நூற்றைம்பது தடவை அடிக்கிற நாண்கள் திரையில் மெள்ள மெள்ள அசைவதாகத் தெரிகின்றன. நாண் என்று பெயர்தான். பார்த்தால் கம்பி கிடையாது, இரண்டு வெளுத்த சதை மடிப்பு. பிறந்த குழந்தைக்கு அது ஏழு மில்லிமீட்டர் இருக்கும், பெரிய பெண்ணுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து, ஆணுக்கு இருபது வரை. இவ்வளவு சிறிய சதையை வைத்துக்கொண்டா இந்த மனுஷர் ஒரு பஸ் ஸ்டாண்டையே ஆண்டார் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அவருடைய நாண்கள் ஒட்டவில்லை. நாள்பட்ட கதவின் இரண்டு பலகையும் வளைந்துபோய் மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரியுமே, அப்படி ஒரு இடைவெளி. டாக்டர் பொறுமையாக விளக்கினார். மடிப்புக்கு உள்ளே தசை இருக்கிறது, அதன்மேல் மிருதுவான உறைகள் இருக்கின்றன. உறைதான் அலை அலையாகப் புரண்டு குரலை உண்டாக்குகிறது. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970-களில் இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் இது தெளிவாயிற்றாம். வயசானால் உள்தசை இளைக்கிறது. நீண்டு சுருங்கும் நார்கள் குறைந்து, விறைப்பான நார்கள் கூடுகின்றன. ஈரம் சுரக்கும் சுரப்பிகள் வற்றுகின்றன. குரல்வளையின் குருத்தெலும்பு மெள்ள நிஜ எலும்பாகவே மாறிவிடுகிறது. ஆண்களுக்கு அது இருபதுகளிலேயே தொடங்கிவிடுமாம். நுரையீரலும் பழையபடி காற்றைத் தள்ளுவதில்லை. இளைத்த நாண் வேகமாக அடிக்கும். ஆகவே கிழவருக்குக் குரல் ஏறுகிறது.

"அப்போ எனக்கு மட்டும் ஏன் இறங்குச்சு?" என்று கேட்டேன். என்னையும் உட்காரவைத்துப் பார்த்தார். என்னுடையவை உப்பியிருந்தன. மாதவிலக்கு நிற்கும்போது பெண்ணுக்கான ஹார்மோன் குறைந்துவிடுகிறது. மேலுறையில் நீர் கோத்துத் தடிக்கிறது. தடித்த நாண் மெதுவாக அடிக்கும், குரல் இறங்கும். ஆணும் பெண்ணும் பன்னிரண்டு பதின்மூன்று வயசில் குரலில் பிரிந்து போகிறார்கள். பையனுக்கு ஒரு ஸ்தாயி அளவுக்கு இறங்குகிறது, பெண்ணுக்கு மூன்று நாலு அரைச்சுரம்தான். அப்படிப் பிரிந்தவர்கள் அறுபது எழுபதுக்கு மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் நடந்து வந்து பக்கத்தில் சேர்கிறார்கள். போனில் எங்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறவர்கள் பேரில் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குப் பாதி போயிற்று.

இந்த உறுப்பை உயிரோடு இருக்கும் மனிதரில் முதலில் தெளிவாகப் பார்த்துச் சொன்னவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. ஸ்பெயினைச் சேர்ந்த மானுவேல் கார்சியா. அவருடைய சொந்தக் குரல் இளமையிலேயே கெட்டு, மேடையை விட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவர். 1854-இல் ஒரு பல் டாக்டர் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த ஆராய்ச்சி வாசிக்கப்பட்டது. நூற்றியொரு வயசு வரை இருந்தார். குரல் போனவர்தான் குரல் எங்கே இருக்கிறது என்று தேடிப் போயிருக்கிறார்.

நம் ஊரில் இளமையில் வரும் மாற்றத்துக்கு எப்போதும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது. பையனுக்குக் குரல் உடைகிற மகரக்கட்டு என்றால் பழைய நாடகக்காரர்களுக்கு உடனே தெரியும். பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் கட்டும் பையனுக்கு அது வந்துவிட்டால் கம்பெனியே கலங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ஆசிரியராக இருந்து நடத்திய பால சபையில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் காலத்துக் கதைகளில் இது திரும்பத் திரும்ப வரும். பாடுவதை நிறுத்தி வைப்பார்கள், வேறு வேஷம் கொடுப்பார்கள், குரல் நிலைக்கும்வரை காத்திருப்பார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான சண்முகம், முப்பது வயசில் கிழவி ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் என்றே பேர் வாங்கினார். மைக் வராத அந்த நாளில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடித்தான் ஆகவேண்டியிருந்தது. கிட்டப்பாவின் குரலில் முதுமை வந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1933-இல் இருபத்தேழு வயசில் போய்விட்டார். சுந்தராம்பாள் அம்மையார் 1965-இல் திருவிளையாடல் படத்தில் பாடியபோது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு இருக்கும். அந்தக் குரலின் கம்பீரம் குறையவே இல்லை. அது ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது.

மற்றவர்களுக்கு நம் சங்கீதம் ஒரு பெரிய சலுகை கொடுத்திருக்கிறது. ஆதார ஷட்ஜம் அவரவர் சௌகரியம். ஒரு கீர்த்தனையை எந்தக் கட்டையில் பாடினாலும் அது அதே கீர்த்தனைதான். சுருதியை இறக்கினால் ராகம் கெட்டுப்போவதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு தாண்டியும் பாடினார், பட்டம்மாள் தள்ளாத வயசிலும் பாடிக் காட்டினார் என்றால், ஞானம் ஒரு பக்கம் இருக்க, இந்தச் சலுகையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். சினிமாப் பாட்டுக் கச்சேரிகளில் இது கிடையாது. இருபத்தைந்து வயசில் பதிவான பாட்டை எழுபதிலும் அதே சுருதியில்தான் ஜனங்கள் கேட்கிறார்கள். இறக்கிப் பாடினால் முகம் சுளிக்கிறார்கள். பாடுகிறவருக்கு அது பெரிய கொடுமை.

டாக்டர் ஊசி போட்டு நாணைக் கொஞ்சம் பருமனாக்கலாம், சின்ன ஆபரேஷனும் உண்டு, ஆனால் முதலில் பயிற்சி செய்து பாருங்கள் என்று ஒரு பெண்ணிடம் அனுப்பினார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். அந்தப் பெண் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவை இரண்டு விரல்கடை முக்கி, "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஊதச் சொன்னார். குமிழி ஒரே சீராக வரவேண்டும். திக்கித் திக்கி வந்தால் மூச்சு சரியில்லை. வாய்ப்பக்கம் இப்படி ஒரு தடை இருந்தால் காற்று திரும்பி அழுத்தி, நாண்கள் இரண்டும் மோதிக்கொள்ளாமல் இதமாக ஒட்டுமாம். அடுக்களையில் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு அவர் காலையும் மாலையும் ஊதுவார். முதலில் நாலைந்து குமிழியோடு நின்றுவிடும். போகப்போக நான் இட்லித் தட்டை இறக்கி, துணியை எடுத்து முடிக்கும்வரை வந்துகொண்டிருந்தது. தொண்டையை அடிக்கடி செருமக்கூடாது, தண்ணீர் குடிக்கவேண்டும், படுக்கப் போகும் நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, தினமும் எதையாவது உரக்கப் படிக்கவேண்டும் என்பது மற்ற பாடம். அவர் தினசரி பேப்பரை எனக்குப் படித்துக் காட்டுகிறார். எனக்கு அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது, என் குரு விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில் என்னை உட்காரவைத்து வாங்கிய சாதகத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. மெதுவாக, வாய் மூடி, கீழே பிடித்து, அங்கேயே நில்.

குரல் திரும்பிவிட்டதா என்றால், இல்லை. பழைய கண்டக்டர் குரல் வராது. ஆனால் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலையைக் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்கிறார். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறார்.

மருந்தில்லாத பகுதி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் ஆறவில்லை. குரல் மெலிந்தவருக்குப் புத்தியும் மெலிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு அலுவலகத்தில் பென்ஷன் விஷயமாக அவர் பேச ஆரம்பித்ததும், எதிரில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, "பெரியவருக்கு என்னம்மா வேணும்?" என்றார். பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டில் பிள்ளைகளும் அதையே செய்கிறார்கள், அன்போடு செய்கிறார்கள். அவர் சொல்லவந்ததை முடிக்கும் முன்னால் இவர்களே முடித்துவிடுகிறார்கள். கேட்கிற கிழவர்களுக்குக் காதும் மந்தம். டிவி ஓடும், மிக்ஸி ஓடும், அதற்கு மேல் பேசப் போனால் இருக்கிற குரலும் போகும். இப்போது எங்கள் வீட்டில் அவர் பேசினால் டிவியை நிறுத்தவேண்டும் என்று வைத்திருக்கிறேன். பேரப் பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு தாத்தா சொல்லும் பஸ் கதைகளில் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் தெருச் சிவன் கோயிலில் திருவாசக முற்றோதல் குழு ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் 658 பாட்டையும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓதி முடிப்போம். முன்னெல்லாம் ஆண்கள் ஒரு பாட்டு, பெண்கள் ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றி, சுருதியை ஏற்றி இறக்கி ஓதுவோம். இப்போது குழுவில் முக்கால்வாசிப் பேர் அறுபது தாண்டியவர்கள். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை இரண்டரைக் கட்டையில் வைத்தால் ஆண், பெண் எல்லாருக்கும் பொருந்துகிறது. நொடிக்குச் சுமார் 156 அதிர்வு. அவருடைய பழைய 131-க்கும் என்னுடைய பழைய 196-க்கும் நடுவில் இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே சுருதியில் பாடுவது இப்போதுதான். சிவபுராணத்தைப் பாதி வரை அவர் என்னோடு கூடவே வருகிறார். மூச்சு வாங்கும்போது நான் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு மேலே பிசிறும் இடத்தில் அவர் இருக்கிறார்.

போன தடவை காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். நல்ல சாரீரம். இரண்டு பாட்டு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "பாட்டி, சுருதி ரொம்பக் கீழ இருக்கு. எனக்கு எட்டவே மாட்டேங்குது" என்றாள்.

"உனக்கு எத்தனைம்மா?"

"அஞ்சு."

நடுவில் பத்துப் பாட்டை அவளுக்கென்று ஒதுக்கினோம். சுருதிப் பெட்டியை ஐந்துக்கு ஏற்றிவைத்துவிட்டு, அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் சுக்குக் காபி குடித்தோம்.